படம் பார்ப்பவரை நம் வாசலுக்கு அழைத்து வருவது எப்படி?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-ஆம் ஆண்டு மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவில் பட்டம் பெற்று வெளியே போனவன். பிழைப்பு மென்பொருள் துறையில். செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, உருப்படியா ஏதாவது பேசு. தொழில்நுட்பத்தின் எதிர்காலம் மாதிரி தலைப்பெல்லாம் வேணாம், பசங்க தூங்கிடுவாங்க" என்றார். பிற்பகல் இரண்டு மணி, அதுவும் விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் அவருடைய பயம் நியாயமானதே. ஆகவே பெரிய தலைப்பை விட்டுவிட்டு, கைப்பழக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டேன். படங்களைப் பகிரும் தளங்களின் உதவியால் நம்முடைய சொந்த இணையதளத்துக்கு ஆட்களை வரவழைப்பது எப்படி என்பதுதான் அது.

இது கணிப்பொறிப் பிரிவு மாணவர்களுக்கு மட்டுமான சமாச்சாரம் என்று மற்றவர்கள் நினைக்க வேண்டாம். உங்களில் சிலர் நாளை சொந்தமாகத் தொழில் தொடங்குவீர்கள். சிலருடைய வீட்டில் அம்மாவோ அக்காவோ ஊறுகாய், துணி, மர பொம்மை என்று எதையாவது விற்றுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் ஒரு இன்ஜினியர் இருந்தால் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவன் தலையில்தான் விழும். என் தலையிலும் அப்படித்தான் விழுந்தது.

காரைக்குடியில் இருக்கும் என் பெரியம்மா மகள் கண்டாங்கிச் சேலை விற்கிறார். நல்ல கனமான பருத்தி, கட்டங்கள், அகலமான கரை, மஞ்சளும் செங்கல் சிவப்பும் கறுப்புமாக நிறங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. மூன்று தறிக்காரர்களிடம் வாங்கி இணையதளத்தில் விற்பதுதான் அக்காவின் தொழில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விற்பனை நன்றாக இருக்கும். தை பிறந்து பத்து நாள் ஆனதும் தறி ஓய்ந்துவிடும். அப்போது தறிக்காரர் வீட்டுப் பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகலாமா என்று யோசிக்க ஆரம்பிப்பான். ஒருமுறை போனவன் தறிக்குத் திரும்பி வருவது அபூர்வம்.

அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது: "தம்பி, படம் போட்டா லைக்கு நிறைய வருது. சூப்பர் அக்கான்னு எழுதறாங்க. ஆனா வெப்சைட்டுக்கு யாரும் வர்றதில்ல. லைக்கு வந்து தறிக்குக் கூலி குடுக்குமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். படத்தளங்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. நாங்கள் கல்லூரியை விட்டு வெளியேறிய அதே 2010-ல் இரண்டு தளங்கள் பிறந்தன. மார்ச்சில் பின்டரெஸ்ட், அக்டோபரில் இன்ஸ்டாகிராம். இரண்டிலும் படம்தான் பிரதானம். ஆனால் அமைப்பு நேர் எதிர்.

இன்ஸ்டாகிராமைக் கெவின் சிஸ்ட்ரமும் மைக் க்ரீகரும் தொடங்கினார்கள். 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அங்கே சாதாரணப் பதிவின் கீழ் நீங்கள் எழுதும் இணைய முகவரியை விரலால் தட்டினால் எங்கும் போகாது. அது வெறும் எழுத்து. அறிமுகப் பகுதியில் இணைப்பு கொடுக்கலாம், 2023 ஏப்ரல் முதல் ஐந்து வரை கொடுக்கலாம். ஸ்டோரி என்ற ஒரு நாள் படத்தில் இணைப்பு ஒட்டும் வசதி எல்லோருக்கும் கிடைத்தது 2021 அக்டோபரில். சுருங்கச் சொன்னால், வந்தவரை உள்ளேயே உட்கார வைப்பதற்காகக் கட்டிய வீடு அது. அது அவர்களுடைய வியாபாரம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் கடைக்கு ஆள் வரவில்லையே என்று அங்கே காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பின்டரெஸ்ட் வேறு வகை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பென் சில்பர்மன் சிறு வயதில் பூச்சிகளைச் சேகரித்து வகைப்படுத்தி வைத்தவர். இன்னொருவரான இவான் ஷார்ப் கட்டடக்கலை படித்தவர். சுவரில் படங்களைக் குத்தி வைத்துக்கொள்ளும் பழக்கத்தையே அவர்கள் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு படத்துக்குப் பின் என்று பெயர். அதற்குள் அந்தப் படம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்த முகவரியும் சேர்ந்தே இருக்கும். ஒருவர் அதை எடுத்துத் தன் பலகையில் குத்தினாலும், அவரிடமிருந்து இன்னொருவர் எடுத்தாலும், முகவரியும் கூடவே போகும். கல்யாணப் பத்திரிகை கை மாறிக்கொண்டே போனாலும் மண்டபத்தின் முகவரி அதில் இருப்பதைப் போல.

இன்னொரு வித்தியாசம் ஆயுள். நாள்தோறும் புதுப் படங்கள் வந்து விழும் தளத்தில் ஒரு படம் ஓரிரு நாளில் அடியில் போய்விடும். தேடி எடுக்கும் பழக்கமுள்ள தளத்தில் சென்ற ஆண்டு போட்ட படம் இந்த ஆண்டும் ஒருவர் கையில் அகப்படும். அக்காவின் கவலை தை மாதத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதல்லவா? பண்டிகை முடிந்த பிறகும் வேலை செய்யும் படம்தான் அவருக்குத் தேவை.

கணிப்பொறிக்குச் சேலையின் படத்தைப் பார்த்தால் என்ன புரியும் என்று கேட்பீர்கள். படத்தை மட்டும் பார்த்து அது முடிவு செய்வதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி நம் படத்தை எடுத்து "ஆபீசுக்குக் கட்ட" என்று பெயரிட்ட பலகையில் குத்துகிறார். இன்னொருவர் "கொலு" என்ற பலகையில் குத்துகிறார். அந்தப் பலகைகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மற்றப் படங்கள் எவை என்று பார்த்து, இதுவும் அந்த இனம் என்று இயந்திரம் கற்றுக்கொள்கிறது. 2018-ல் பின்டரெஸ்ட் பொறியாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து பின்சேஜ் என்ற முறையை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். படங்களையும் பலகைகளையும் புள்ளிகளாகவும், எந்தப் படம் எந்தப் பலகையில் என்பதைக் கோடுகளாகவும் வைத்து, 300 கோடிப் புள்ளிகள், 1,800 கோடிக் கோடுகள் கொண்ட ஒரு வலையில் அதை நடத்திக் காட்டினார்கள். நம் கணிதப் பேராசிரியர் கிராஃப் தியரி நடத்தியபோது, "சார், இது எங்கே சார் பயன்படும்?" என்று பின்வரிசையிலிருந்து கேட்ட நண்பர் இன்று இங்கே வந்திருக்கிறார். பதில் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்திருக்கிறது! (சிரிப்பு)

சரி, நடைமுறையில் என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, இது நம்முடைய தளம்தான் என்று பின்டரெஸ்டிடம் உறுதி செய்தோம். தொழில் கணக்கு ஒன்று தொடங்கி, அவர்கள் தரும் ஒரு சிறு குறியீட்டை நம் பக்கத்தின் தலைப்பகுதியில் வைத்தால் போதும். விலை, இருப்பு போன்ற விவரங்களைப் பக்கத்திலேயே முறைப்படி குறித்து வைத்தால், அவை படத்தோடு சேர்ந்து தெரியும். அரை நாள் வேலை.

இரண்டாவது, படம். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுப்பது நல்லது. அகலம் 2, உயரம் 3 என்ற விகிதத்தில், அதாவது 1,000-க்கு 1,500 புள்ளிகள் என்ற அளவில் இருக்கச் சொல்கிறார்கள். காரைக்குடி வீட்டு முற்றத்தில் காலை வெளிச்சத்தில் எடுத்தோம். நிறத்தை மட்டும் திருத்தவே இல்லை. கணிப்பொறியில் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் படம் பளிச்சென்று இருக்கும், பத்து பேர் கூடுதலாக வருவார்கள். ஆனால் பார்சலைப் பிரித்ததும், "படத்துல இருந்த சிவப்பு வேற, வந்த சிவப்பு வேற" என்று சேலை திரும்பி வரும். அந்தத் தபால் செலவு அக்காவுடையது.

மூன்றாவது, சொற்கள். தலைப்பும் விவரமும் வாங்குபவர் தேடும் சொற்களில் இருக்க வேண்டும். "அழகின் சிகரம்" என்று யாரும் தேடுவதில்லை. "செட்டிநாடு காட்டன் சேலை, மஞ்சள், கட்டம்" என்று தேடுவார்கள். அதனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். அமெரிக்காவில் அந்தத் தளத்துக்குப் பழக்கம் அதிகம். மலேசியா, சிங்கப்பூரில் செட்டிநாட்டுக் குடும்பங்கள் பல உண்டு. தீபாவளிச் சேலையின் படத்தைத் தீபாவளி வாரத்தில் போடாமல் ஒன்றரை மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். அங்கே வருபவர்கள் முன்கூட்டித் திட்டமிடுபவர்கள். கூடவே, நம் தளத்தில் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதினோம். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் கருவி அதைத்தான் வாசிக்கும். தேடுபொறிக்கும் அது உதவும்.

நான்காவதுதான் முக்கியமானது. படத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டால் யார் பக்கத்துக்கு வருவார்கள்? சேலையைக் கட்டி நிற்கும் படத்தை நிறையப் பேர் எடுத்து வைத்துக்கொண்டார்கள், வந்தவர்கள் குறைவு. பிறகு அக்காவே ஒரு யோசனை சொன்னார். "புதுக் காட்டன் சேலைக்குக் கஞ்சி போடறது எப்படின்னு இப்ப யாருக்குத் தெரியுது? அதைப் படமா எடுப்போமா?" என்றார். சாயம் கசியாமல் இருக்க முதல் தடவை கல் உப்புத் தண்ணீரில் ஊற வைப்பது, வடிகஞ்சியைத் துணியில் வடிகட்டி நீர் சேர்ப்பது, நிழலில் உலர்த்துவது, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து மடிப்பது என்று வரிசையாகப் படங்கள். முதல் படம் மட்டும் பின்டரெஸ்டில். மீதி எல்லாம் நம் தளத்தில். படம் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும், அதன் விடை நம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பாடத்தை எந்தப் புத்தகமும் படிக்காத அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஐந்தாவது, வந்தவருக்கு வாசலில் மரியாதை. மஞ்சள் சேலையைத் தட்டி வந்தவரை முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதே மஞ்சள் சேலையின் பக்கத்துக்கே அழைத்துப் போக வேண்டும். அந்தச் சேலை விற்றுவிட்டால் பக்கத்தை அழிக்கக் கூடாது. படம் இன்னும் பல பலகைகளில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். "இது விற்றுவிட்டது, இதே தறியில் நெய்த மற்றவை இதோ" என்று காட்ட வேண்டும். பக்கம் சீக்கிரம் திறக்கவும் வேண்டும். கைப்பேசி எடுக்கும் படம் நாலைந்து மெகாபைட் இருக்கும். அதை அப்படியே ஏற்றாமல், கூகுள் 2010-ல் கொண்டுவந்த வெப்-பி வடிவத்துக்கு மாற்றி அளவைக் குறைத்தால் இருநூறு கிலோபைட்டுக்குள் அடக்கிவிடலாம். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வகுத்திருக்கும் நல்ல அளவு. கிராமத்து சிக்னலில் ஒருமுறை திறந்து பாருங்கள், உண்மை தெரியும்.

ஆறாவது, அளந்து பார்ப்பது. ஆய்வுக்கூடத்தில் அளவு எடுக்காமல் ரெக்கார்டு நோட்டு எழுதினால் சார் கையெழுத்துப் போட மாட்டார். இங்கேயும் அப்படித்தான். ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதை உலாவி ஒரு தலைப்புவரியில் சொல்லும். அதற்கு ரெஃபரர் என்று பெயர். 1996-ல் வெளியான விதிமுறை ஆவணத்திலேயே ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து விட்டுப்போய், இன்றுவரை அந்தப் பிழையோடுதான் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இப்போதைய உலாவிகள் பொதுவாகத் தளத்தின் பெயரை மட்டுமே சொல்கின்றன, எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. கைப்பேசிச் செயலிகள் பல சமயம் அதையும் சொல்வதில்லை. ஆகவே நாம் கொடுக்கும் ஒவ்வொரு இணைப்பின் வாலிலும் எந்தத் தளம், எந்த வழி, எந்த முயற்சி என்று ஒரு அடையாளம் ஒட்டி அனுப்ப வேண்டும். இதை யூ.டி.எம். என்பார்கள். 2005-ல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கணக்குக்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் கண்ணில் படம் படுகிறது, பத்து பேர் நம் தளத்துக்கு வருகிறார்கள், ஒருவர் வாங்குகிறார். இதை இரண்டு பேராக்க என்ன வழி? ஆயிரத்தை இரண்டாயிரமாக்கலாம். அது பெரும்பாலும் அடுத்தவர் கையில் இருக்கிறது. அல்லது, வந்த பத்து பேரில் இரண்டு பேர் வாங்கும்படி நம் பக்கத்தைத் திருத்தலாம். அது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆனால் பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்துப்போகிறவர்கள் முதல் வழியிலேயே காலத்தைக் கழிக்கிறார்கள்.

அடுத்தவர் கையில் இருக்கிறது என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? எங்கள் வகுப்பு முழுக்க ஆர்குட்டில் இருந்தது. விடுதி நாள் படங்கள், ஒருவரையொருவர் கிண்டல் செய்து எழுதியது எல்லாம் அங்கே. 2014 செப்டம்பர் 30 அன்று அதை மூடினார்கள். வைன் என்று ஒரு குறும்படத் தளம், 2017 ஜனவரியில் மூடப்பட்டது. ஃப்ளிக்கர் 2018-ல் கை மாறியது, இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம் மட்டும் என்று அந்த ஆண்டே அறிவித்தது. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதை நம்பி ஆள் சேர்த்தவர்கள் ஒரே இரவில் முதல் படியில் வந்து நின்றார்கள். யூடியூப் 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸ் படங்களின் விவரத்திலும் கருத்துகளிலும் இருக்கும் இணைப்புகளைச் செயலிழக்கச் செய்தது. மோசடி இணைப்புகளைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள், அது நியாயமான காரணமும்கூட. ஆனால் நேர்மையாக இணைப்பு கொடுத்தவருக்கும் அந்தக் கதவு மூடியது மூடியதுதான்.

இவற்றில் நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது பாலிவோர். 2007-ல் தொடங்கிய தளம். உடைப் படங்களை வெட்டி ஒட்டி அலங்காரத் தொகுப்புகள் செய்வார்கள், அந்தப் படங்கள் வழியாகக் கடைகளுக்கு ஆட்கள் போவார்கள். 2015-ல் யாஹூ வாங்கியது. 2018 ஏப்ரலில் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த ஒரு துணிக்கடை நிறுவனம் வாங்கி, கையோடு தளத்தை மூடிவிட்டது. பல ஆண்டுகள் உட்கார்ந்து செய்த தொகுப்புகளைத் தேடிப் போனவர்கள், வேறொருவர் கடை வாசலில் போய் நின்றார்கள்.

பின்டரெஸ்டுக்கும் நாளை இது நேராது என்று யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்காக அந்தத் தளங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்து விற்கலாம், தவறில்லை. ஆனால் நம் வீடு எங்கே என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அக்காவின் தளத்தில், கஞ்சி போடும் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தோம். "புதுச் சேலை தறியிலிருந்து இறங்கும்போது சொல்கிறோம், விருப்பமிருந்தால் உங்கள் எண்ணைக் கொடுங்கள்." கொடுத்தவர்களின் பட்டியல் எந்தத் தளம் மூடினாலும் அக்காவிடம் இருக்கும். சென்ற ஆண்டு தை முடிந்த பிறகும் மூன்று தறிகளில் இரண்டு நிற்காமல் ஓடின. மூன்றாவது தறி நின்றது, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொன்னால், இங்கே உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் யாரும் நம்ப மாட்டீர்கள்.

கடைசியாக நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் தேடினால் கிடைக்கும் படமெல்லாம் பொதுச் சொத்து என்று ஒரு நினைப்பு மாணவர்களிடம் இருக்கிறது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன்படி புகைப்படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு. வெளியிட்டதிலிருந்து அறுபது ஆண்டுகள் அது நீடிக்கும். அடுத்தவர் எடுத்த சேலைப் படத்தைப் போட்டு நம் சேலையை விற்பது களவு. தறிக்காரரின் முகத்தைப் படம் பிடித்தால் எங்கே போடப் போகிறோம் என்று அவரிடம் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். இன்று இயந்திரமே நெய்யாத சேலையை நெய்ததுபோல் வரைந்து தருகிறது. அதைக் காட்டி விற்றால், உண்மையில் நெய்தவருடைய பெயரும் சேர்ந்து கெடும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் கைத்தொழில் செய்யும் ஒருவரைப் பிடியுங்கள். அவருக்கென்று ஐந்து பக்கத்தில் ஒரு சொந்தத் தளம், அவர் பொருளைப் பற்றிப் பத்து நல்ல படங்கள், ஒவ்வொன்றிலும் சரியான முகவரி, எண்ணிப் பார்க்க ஒரு நோட்டு. இவ்வளவு போதும். மூன்று மாதம் கழித்து, "எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். நான்கு ஆண்டு படித்தது எதற்கு என்று அப்போது ஓரளவு புரியும்.

இதில் சந்தேகம் உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.